ஆடியோவுக்கு மட்டும் பேண்ட்வித்தை ஒதுக்கி வைக்க முடியுமா? (ஏற்காடு அரங்கு, டான்டே + என்டிஐ + லைவ்)

#1 ஒலிமேடை (சேலம்)

வணக்கம். சேலம், ஆத்தூர், நாமக்கல் பக்கம் கல்யாணம், கம்பெனி மீட்டிங், ஆண்டு விழா என்று சவுண்டும் லைவும் சேர்த்து எடுத்துச் செய்கிறோம். அடுத்து ஏற்காட்டில் ஒரு ரிசார்ட் அரங்கில் வேலை. அதற்கு முன் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மேடையில் 32 சேனல் ஸ்டேஜ்பாக்ஸ் (மைக்குகளைச் செருகும் பெட்டி), டான்டே (நெட்வொர்க் கேபிளில் ஒலி அனுப்பும் முறை). மேடைப் பக்கமே நான்கு கேமரா, முழு என்டிஐ (அதே நெட்வொர்க்கில் படம் அனுப்பும் முறை), 1080பி, நொடிக்கு 50 ஃபிரேம். மேடையில் ஒரு ஸ்விட்ச், கன்ட்ரோல் ரூமில் ஒரு ஸ்விட்ச், இரண்டுக்கும் நடுவில் ரிசார்ட்காரர்கள் சுவருக்குள் இழுத்து வைத்திருக்கும் ஒரே ஒரு கேட் 6 கேபிள். சுமார் 80 மீட்டர். புதிதாக இன்னொரு கேபிள் இழுக்க அனுமதி இல்லை. அவர்களுடைய சிசிடிவியும், ரூம்களின் ஐபி போனும், விருந்தினர் வைஃபையும் அதே கேபிளில்தான் போகின்றன.

இதே மாதிரி செட்டப்பை சேலத்தில் ஒரு மண்டபத்தில் போட்டபோது பாட்டு நடுவில் 'டிக்... டிக்' என்று சத்தம் வந்தது. ஸ்விட்சின் கிராஃபைப் பார்த்தால் பாதிக்கு மேல் ஏறவே இல்லை. கிகாபிட் லைனில் பாதி காலியாக இருக்கும்போது ஆடியோ ஏன் அறுபடுகிறது? ஆடியோவுக்கு மொத்தமாக 50 மெகாபிட் இருந்தால் போதும். அதை மட்டும் யாரும் தொடாதபடி தனியே எடுத்து வைக்க வழி உண்டா? டவுனில் கடைக்காரர் '10 கிகா ஸ்விட்ச் வாங்கிப் போடுங்க' என்கிறார்.

#2 பழைய மைக்செட்

மல்டிகோர் (பல மைக் கம்பிகளை ஒன்றாகக் கட்டிய கேபிள்) இழுத்தால் டிக்கும் இல்லை, டாக்கும் இல்லை தம்பி. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் முழுக்க குழாய் கட்டியவன் நான். ஒரு பாக்கெட்கூட தொலைந்ததில்லை.

#3 ஒலிமேடை

உண்மைதான் அண்ணா, ஆனால் மல்டிகோர் போடவும் அதே சுவரைத்தானே உடைக்க வேண்டும்.

#4 ஸ்விட்ச் வாத்தியார்

அந்த கிராஃப் காட்டுவது சராசரி. உங்கள் ஆடியோ சாவது மில்லிசெகண்டில். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கேமராவுக்குச் சுமாராக 125 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். 50ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 2.5 மெகாபிட். அந்த ஃபிரேமைக் கேமரா 20 மில்லிசெகண்டுக்கும் பரப்பி நிதானமாக அனுப்பினால் ஒரு வம்பும் இல்லை. பெரும்பாலும் அப்படி அனுப்பாது. ஃபிரேம் தயாரானதும் கிகாபிட் வேகத்தில் கொட்டிவிடும். 2.5 மில்லிசெகண்டில் கொட்டி முடித்துவிட்டு மீதி நேரம் சும்மா இருக்கும்.

நான்கு கேமராவும் ஒரே சமயத்தில் கொட்டினால் என்ன ஆகும்? ஸ்விட்சுக்குள் 10 மெகாபிட் வந்து விழுகிறது. வெளியேற ஒரே கிகாபிட் கேபிள். அது காலியாக 10 மில்லிசெகண்ட் பிடிக்கும். அந்த நேரத்தில் வரும் ஆடியோ பாக்கெட் வரிசையின் வாலில் நிற்கும். டான்டேயில் லேட்டன்சியை (ஒலி வந்து சேர அனுமதிக்கும் தாமதம்) நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால் அது 1 மில்லிசெகண்ட். 1 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டிய பாக்கெட் ஏழு மில்லிசெகண்ட் கழித்து வந்தால் மிக்ஸர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? தூக்கிப் போட்டுவிடும். அதுதான் உங்கள் 'டிக்'.

போதாததற்கு, வரிசை உச்சத்தில் இருக்கும்போது 7.5 மெகாபிட் சேர்ந்திருக்கும், அதாவது 900 கிலோபைட்டுக்கு மேல். சின்ன ஸ்விட்சுகளில் பஃபர் (பாக்கெட் காத்திருக்கும் இடம்) சில நூறு கிலோபைட்தான். தாமதமாக வருவது ஒருபுறம், சில பாக்கெட்டுகள் வரவே வராது.

இத்தனை அமளிக்கும் நொடிச் சராசரி 500 மெகாபிட்தான். கிராஃபில் சரியாகப் பாதி.

அடுத்த முறை டான்டே கன்ட்ரோலரில் லேட்டன்சி பக்கத்தைத் திறந்து வையுங்கள். ஹிஸ்டோகிராமில் கம்பிகள் இடதுபுறம் ஒட்டி நிற்க வேண்டும். வலதுபக்கம் வால் நீண்டு சிவப்பு தெரிந்தால் நான் சொன்னதேதான்.

கடைக்காரர் சொன்னதும் தப்பில்லை. நடு இணைப்பு 10 கிகாவாக இருந்தால் இந்த வரிசையே சேராது. ஆனால் கேட் 6 கேபிளில் 10 கிகா 55 மீட்டர் வரைக்கும்தான் கணக்கு. உங்களுடையது 80 மீட்டர். பெட்டி வாங்கி மேலே ஏற்றிய பிறகு அது 1 கிகாவில்தான் ஓடும்.

#5 ஒலிமேடை

நன்றி சார், இப்போதுதான் உருவம் தெரிகிறது. அப்போது கியூஓஎஸ்ஸை (ஸ்விட்சில் பாக்கெட்டுக்கு முன்னுரிமை தரும் வசதி) ஆன் செய்தால் முடிந்ததா?

#6 ஸ்விட்ச் வாத்தியார்

பெரும்பாலும் முடிந்துவிடும். ஆனால் 'ஆன்' என்று ஒரு டிக் பெட்டியைத் தட்டினால் போதாது.

டான்டே தன் பாக்கெட்டுகளில் டிஎஸ்சிபி என்ற முன்னுரிமை எண் குறித்து அனுப்புகிறது. கடிகார ஒத்திசைவுக்கு 56, ஆடியோவுக்கு 46. பல ஸ்விட்சுகள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது இந்த எண்களை மதிப்பதே இல்லை, அல்லது இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிடும். நீங்கள் உள்ளே போய் 56ஐ முதல் வரிசைக்கும், 46ஐ இரண்டாவதற்கும், மற்றவற்றைக் கீழேயும் மாட்டி, ஷெட்யூலிங்கை ஸ்ட்ரிக்ட் பிரையாரிட்டி (மேல் வரிசை காலியானால்தான் கீழ் வரிசை) என்று வைக்க வேண்டும்.

அப்படி வைத்தால் ஆடியோ பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு காத்திருக்கும்? ஏற்கெனவே கம்பியில் கால் வைத்துவிட்ட ஒரு வீடியோ பாக்கெட் முடியும் வரை. 1500 பைட் பாக்கெட், தலைப்பு இடைவெளி எல்லாம் சேர்த்து, கிகாபிட்டில் 12 மைக்ரோசெகண்ட். 10 மில்லிசெகண்ட் எங்கே, 12 மைக்ரோசெகண்ட் எங்கே! எந்த இடத்திலாவது 100 மெகாபிட் போர்ட் குறுக்கே வந்தால் அதே காத்திருப்பு 123 மைக்ரோசெகண்ட் ஆகிவிடும். அதனால் வழியில் 100 மெகாபிட் பெட்டி எதுவும் இருக்கக்கூடாது.

அப்புறம், மின்சாரம் மிச்சப்படுத்தும் ஈஈஈ வசதியை (802.3 ஏஇசட், சில மெனுவில் 'கிரீன் ஈதர்நெட்') எல்லா ஆடியோ போர்ட்டிலும் அணைத்துவிடுங்கள். லிங்க் தூங்கி எழும் நேரத்தில் கடிகாரம் தடுமாறும். இது ஒன்றினாலேயே டிக் வந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

#7 கிரெடிட் கணக்கு

வாத்தியார் சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கேட்டவர் கேட்டது ஒதுக்கீடு. நீங்கள் கொடுத்தது முன்னுரிமை. இரண்டும் வேறு.

ஏற்காடு மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் வழி. இருபது கொண்டை ஊசியிலும் இதுதான் நடைமுறை. ஒரு வண்டி ஏறும்போது இது அருமையாக வேலை செய்யும். மே மாதம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறுகிற வண்டியே நூறு என்றால்? எல்லோருக்கும் முன்னுரிமை, யாருக்கும் வழியில்லை. அடிவாரத்தில் எண்ணிப் பார்த்து 'இதற்கு மேல் இடமில்லை, இங்கேயே நில்லுங்கள்' என்று சொல்ல ஆள் இல்லாததுதான் குறை.

அந்த ஆள் வேலையைச் செய்வதுதான் ஏவிபி (ஈதர்நெட்டில் ஒலி, படத்துக்கு இடம் ஒதுக்கும் முறை). தரம் வகுக்கும் ஐஇஇஇ அமைப்பு இதைத் துண்டு துண்டாகக் கொண்டுவந்தது: 2009இல் 802.1 கியூஏவி, 2010இல் கியூஏடி, 2011இல் கடிகாரத்துக்கான 802.1 ஏஎஸ். இப்போது டிஎஸ்என் என்ற பெரிய குடையின் கீழ் இருக்கின்றன.

கியூஏடியில்தான் ஒதுக்கீடு நடக்கிறது. அனுப்பும் கருவி முதலில் ஓர் அறிவிப்பு விடும். 'என்னிடம் இந்த ஸ்ட்ரீம் இருக்கிறது, ஒவ்வொரு 125 மைக்ரோசெகண்டுக்கும் இத்தனை பைட் வரை அனுப்புவேன்' என்று. வழியில் உள்ள ஒவ்வொரு ஸ்விட்சும் தன் போர்ட்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, தன் பங்குத் தாமதத்தையும் கூட்டி, அடுத்த ஸ்விட்சுக்குத் தள்ளும். கேட்கும் கருவி 'எனக்கு வேண்டும்' என்று பதில் விட்டால் அது வந்த வழியே திரும்பும். திரும்பும்போது ஒவ்வொரு ஸ்விட்சும் அந்த இடத்தைப் பூட்டி வைக்கும். எங்காவது இடம் இல்லை என்றால் அந்த ஸ்விட்ச் அறிவிப்பைத் 'தோல்வி' என்று மாற்றி, காரணத்தையும் தன் அடையாளத்தையும் எழுதி அனுப்பும். பாட்டு ஆரம்பிக்கும் முன்பே எந்தப் பெட்டியில் இடமில்லை என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு போர்ட்டில் 75 சதவீதத்துக்கு மேல் ஒதுக்க வழக்கமாக விடமாட்டார்கள். ஏ வகுப்பு ஸ்ட்ரீமுக்கு ஏழு தாவல் (ஸ்விட்ச் கடப்பு) வரை 2 மில்லிசெகண்டுக்குள் சேர்க்க வேண்டும் என்பதுதான் இலக்கு.

எனக்கு இதில் பிடித்ததே அந்த 'இல்லை' என்ற பதில்தான். முன்னுரிமை எப்போதும் 'சரி, வா' என்றுதான் சொல்லும். நிகழ்ச்சி நடுவில்தான் அது பொய் என்று தெரியும்.

#8 ஐந்து ரோடு பையன் (கல்லூரி, கடைசி வருஷம்)

ஒரு சந்தேகம் அண்ணா. 75 சதவீதத்தை ஆடியோவுக்குப் பூட்டி வைத்தால், ஆடியோ ஓடாத நேரத்தில் அது வீண்தானே? பக்கத்தில் கேமரா தவித்துக்கொண்டிருக்கும்போது காலி இடத்தைக் காவல் காப்பது நியாயமா?

#9 கிரெடிட் கணக்கு

நல்ல கேள்வி, ஆனால் அப்படி வீணாகாது. 75 என்பது உச்சவரம்பு. உண்மையில் கேட்ட அளவுதான் ஒதுக்கப்படும். ஒதுக்கியதிலும் ஆடியோ பயன்படுத்தாத நேரத்தில் மற்ற பாக்கெட்டுகள் தாராளமாகப் போகலாம்.

கியூஏவியின் வேலையே இதுதான். ஆடியோ வரிசைக்கு ஒரு கிரெடிட் கணக்கு உண்டு. பாக்கெட் காத்திருக்கும்போது, ஒதுக்கிய வேகத்தில் கிரெடிட் ஏறும். பாக்கெட் போகும்போது இறங்கும். கிரெடிட் பூஜ்யமோ அதற்கு மேலோ இருந்தால்தான் அடுத்த பாக்கெட் கிளம்பலாம். வரிசை காலியாகிவிட்டால், சேர்ந்த கிரெடிட் பூஜ்யத்துக்குப் போய்விடும். சேமித்து வைத்துப் பிறகு கொட்ட முடியாது. இதனால் ஆடியோ பாக்கெட்டுகளும் மொத்தமாகக் குவிந்து போகாமல் இடைவெளி விட்டுச் சீராகப் போகும். அடுத்த ஸ்விட்சில் வரிசை சேராது. வாத்தியார் #4இல் சொன்ன 'கொட்டுதல்' நோய்க்கு மருந்து இதுதான்.

லினக்ஸில் விளையாடிப் பார்க்க ஆசை என்றால் 'சிபிஎஸ்' என்ற பெயரில் இது டிசி கட்டளையில் இருக்கிறது. இன்டெல் ஐ210 நெட்வொர்க் கார்டு ஒன்று கிடைத்தால் போதும், ஹார்டுவேரிலேயே செய்யும். உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒதுக்கும்போது ஒரு கணக்கை மறக்காதீர்கள். ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் வெறும் ஒலி 2.3 மெகாபிட்தான். ஏ வகுப்பில் நொடிக்கு 8,000 பாக்கெட். ஒரு பாக்கெட்டில் ஒரு சேனலுக்கு 6 சாம்பிள்தான் இருக்கும். தலைப்பு, விலான் (ஒரே கேபிளில் பிரிக்கும் தனி நெட்வொர்க்) குறி, பாக்கெட்டுக்கு முன்பின் இடைவெளி எல்லாம் சேர்த்தால் கம்பியில் அது 7.3 மெகாபிட் ஆகிவிடும். சரக்கைவிடச் சாக்கு கனம். எட்டு சேனலை ஒரே ஸ்ட்ரீமில் கட்டினால் 16.5 மெகாபிட், அதாவது சேனலுக்கு 2 மெகாபிட் சொச்சம். அதனால் ஸ்ட்ரீம் எண்ணிக்கையைக் குறைத்துச் சேனலைக் கூட்டுங்கள்.

#10 பழைய மைக்செட்

2 மில்லிசெகண்டுக்கு இவ்வளவு அலப்பறையா? அந்த நேரத்தில் ஒலி காற்றில் முக்கால் மீட்டர்கூடப் போகாது. பாடகர் மானிட்டரிலிருந்து ஓர் அடி தள்ளி நின்றாலே ஒரு மில்லிசெகண்ட் போச்சு. நான் 34 மீட்டருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர் வைத்தால் 100 மில்லிசெகண்ட் டிலே போடுகிறேன், யாரும் சாகவில்லை.

#11 ஸ்விட்ச் வாத்தியார்

அண்ணே, நீங்கள் போடும் 100 மில்லிசெகண்ட் ஆரம்பம் முதல் கடைசி வரை 100தான். காது அதைப் பொறுத்துக்கொள்ளும். இங்கே ஒரு பாக்கெட் 0.2இல் வருகிறது, அடுத்தது 7இல் வருகிறது. அதைச் சமாளிக்க ஒரே வழி, எல்லாவற்றையும் 7க்கு மேல் காக்கவைத்து வாசிப்பது. லைவ் மட்டும் என்றால் அப்படியே செய்துவிட்டுத் தூங்கலாம். இன்-இயர் (காதுக்குள் வைக்கும் மானிட்டர்) மாட்டிப் பாடுபவருக்கு, போக 7, வர 7, மிக்ஸருக்குள் கொஞ்சம் என்று கூடினால் தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்கும். அதனால்தான் 1 மில்லிசெகண்டுக்குப் போராடுகிறோம்.

படத்துக்கும் ஒலிக்கும் உள்ள பொருத்தம் இவ்வளவு கடுமையில்லை. ஐடியு (சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு) பரிந்துரை பிடி.1359 கணக்கில், ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினால் அல்லது 125 மில்லிசெகண்ட் பிந்தினால்தான் பார்ப்பவருக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

#12 பழைய மைக்செட்

இது நியாயமான பதில். ஒத்துக்கொள்கிறேன். மல்டிகோர் மேலானது என்பதை மட்டும் விடமாட்டேன்.

#13 ஒலிமேடை

கிரெடிட் கணக்கு அண்ணா, ஆசையாக இருக்கிறது. ஆனால் என்னிடம் இருப்பது டான்டே. கேமரா என்டிஐ. இவற்றுக்கு ஏவிபி தெரியுமா? ரிசார்ட்டின் ஸ்விட்சும் நடுவில் ஒன்று இருக்கிறது.

#14 கிரெடிட் கணக்கு

இரண்டுக்கும் தெரியாது. டான்டே முன்னுரிமையை நம்பி ஓடுவது. என்டிஐ சாதாரண ஐபி. ஏவிபி, அதன் மேல் வந்த மிலன் (கருவிகள் ஒத்துப்போக வகுத்த விதிகள்) இரண்டும் வேறு குடும்பம்.

நடுவில் ஏவிபி தெரியாத ஒரே ஒரு ஸ்விட்ச் இருந்தாலும் ஒதுக்கீடு அந்த வாசலோடு நின்றுவிடும். எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பது ருசியான விஷயம். இரண்டு முனையும் ஒன்றுக்கொன்று நேரச் செய்தி அனுப்பி, கேபிளில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்கும். தாமிரக் கேபிளில் அது 800 நானோசெகண்டைத் தாண்டினால் 'நடுவில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்' என்று முடிவு செய்து, அந்தப் போர்ட்டை ஒதுக்கீட்டு எல்லைக்கு வெளியே தள்ளிவிடும். 100 மீட்டர் கேபிளே 500 சொச்சம் நானோசெகண்ட்தான். சாதாரண ஸ்விட்ச் ஒன்று குறுக்கே வந்தால் மைக்ரோசெகண்டுக்குப் போய்விடும். வெளியிலிருந்து யாராவது தங்கள் பாக்கெட்டுக்கு ஏவிபி முன்னுரிமை எண் போட்டு அனுப்பினாலும் எல்லைப் போர்ட்டில் அது பூஜ்யமாக மாற்றப்படும். ஏமாற்ற முடியாது.

#15 ஸ்விட்ச் வாத்தியார்

அதனால் ஒலிமேடை, உங்களுக்கு இப்போது ஏவிபி கிடையாது, வருத்தப்பட வேண்டாம். கிரெடிட் கணக்கு சொன்ன மலைப்பாதை விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேபிளில் 46 எண் போடுகிறவர்கள் நீங்கள் மட்டும் அல்ல. ரூம் ஐபி போன்கள் பொதுவாக அதே 46தான் போடும். இன்று நான்கு போன் என்றால் பாதகமில்லை. நாளைக்கு யாராவது ஒரு வீடியோ என்கோடரைச் செருகி அதற்கும் 46 போட்டால் உங்கள் முன்னுரிமை போயிற்று.

ஒதுக்கீடு செய்யத் தெரியாத நெட்வொர்க்கில் அடிவாரத்து ஆள் வேலையை நீங்களே கையால் செய்ய வேண்டும். உங்கள் போர்ட்டுகளில் மட்டும் டிஎஸ்சிபியை நம்பச் சொல்லுங்கள். மற்ற எல்லாப் போர்ட்டிலும் நுழையும்போதே எண்ணைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். ஐபி போனுக்குத் தனி விலான், அதற்குக் கீழ் வரிசை. கேமரா நான்கும் சேர்ந்து கேபிளை அடைக்காதபடி இரண்டை என்டிஐ ஹெச்எக்ஸுக்கு (படத்தை அதிகமாகச் சுருக்கும் வகை) மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். அது பத்து, இருபது மெகாபிட்டில் முடிந்துவிடும். சிசிடிவி, விருந்தினர் வைஃபை இரண்டுக்கும் ஸ்விட்சிலேயே வேக வரம்பு. இத்தனையும் கூட்டி ஒரு தாளில் எழுதுங்கள், கேபிளில் முக்கால்வாசிக்கு மேல் போகக் கூடாது. ரிசார்ட் ஐடி ஆள் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தமாஷுக்குச் சொல்லவில்லை.

#16 ஐந்து ரோடு பையன்

அரங்குக்குள் சரி. லைவ் இன்டர்நெட்டில்தானே போகிறது? வெளியே ஒதுக்க முடியாதா? பாடத்தில் ஆர்எஸ்விபி என்று ஒன்று படித்தோம்.

#17 ஸ்விட்ச் வாத்தியார்

ஆர்எஸ்விபி கிட்டத்தட்ட கியூஏடியின் அண்ணன். 1997இல் ஆர்எஃப்சி 2205 ஆக வந்தது. 'பாத்' செய்தி முன்னால் போகும், 'ரெசர்வ்' செய்தி வந்த வழியே திரும்பி வந்து இடம் பிடிக்கும். 30 நொடிக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பிடித்த இடம் தானாகக் கலையும். நல்ல யோசனைதான். ஆனால் வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு உரையாடலையும் தனித்தனியாக நினைவு வைத்திருக்க வேண்டும். பெரிய ரவுட்டர் வழியே ஒரே நேரத்தில் லட்சக்கணக்கில் ஓடும். போதாததற்குப் பல கம்பெனி நெட்வொர்க்குகளைத் தாண்ட வேண்டும், உன் ஒதுக்கீட்டுக்கு அவன் ஏன் இடம் கொடுக்க வேண்டும்? அதனால் பொது இன்டர்நெட்டில் அது நிலைக்கவில்லை. அடுத்த வருஷமே, 1998இல், டிஃப்சர்வ் வந்து முன்னுரிமை எண்ணோடு திருப்திப்பட்டுக்கொண்டார்கள். ஆர்எஸ்விபியின் ஒரு கிளை எம்பிஎல்எஸ் (பாக்கெட்டுக்குச் சீட்டு ஒட்டி வழிநடத்தும்) நெட்வொர்க்குகளுக்குள் பாதை போடப் பிழைத்துக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாக, யூடியூப் வரைக்கும் ஒதுக்கீடு என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள்.

#18 மலை ஃபைபர் (ஏற்காடு)

யூடியூப் வரைக்கும் முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரங்கிலிருந்து எங்கள் ஆபீஸ் வரைக்கும் முடியும். இது பலருக்குத் தெரியாததால் எழுதுகிறேன்.

நாங்கள் கொடுப்பது ஜிபான் ஃபைபர். இறங்கும் வழியில் 2.5 கிகாபிட், ஏறும் வழியில் 1.25 கிகாபிட், இதை ஒரே இழையில் பல வீடுகளும் எஸ்டேட் பங்களாக்களும் பகிர்ந்துகொள்கின்றன. ஏறும் வழியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. எங்கள் ஓஎல்டி (ஆபீஸில் உள்ள பெட்டி) ஒவ்வொரு ஓஎன்யுவுக்கும் (வாடிக்கையாளர் பக்கப் பெட்டி) 'இந்த நேரத்தில் இவ்வளவு அனுப்பு' என்று சீட்டு கொடுக்கும். அந்தச் சீட்டு டி-கான்ட் என்ற கணக்குக்குத்தான் கிடைக்கும், அதில் வகை உண்டு.

சாதாரண இணைப்பு வகை 4. மிச்சம் இருந்தால் கிடைக்கும். வகை 1 என்றால் நிலையான பங்கு, நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் அடுத்தவருக்குப் போகாது. வகை 2 என்றால் உறுதி செய்த பங்கு, நீங்கள் கேட்கும்போது கட்டாயம் உண்டு, சும்மா இருக்கும்போது மற்றவர்கள் எடுத்துக்கொள்ளலாம். லைவுக்கு வகை 2 போதும். உங்கள் ரிசார்ட் எங்கள் இணைப்பு இல்லாவிட்டாலும், யார் இணைப்போ அவரிடம் 'ஏறும் வழியில் 20 மெகாபிட் அஷூர்டு, இரண்டு நாளைக்கு' என்று கேளுங்கள். அவர் விழித்தால் அவருடைய டெக்னீஷியனிடம் கேளுங்கள். ஓஎல்டியில் ஒரு ப்ரொஃபைலை மாற்றும் வேலைதான்.

வேகம் அதிகமான பிளானை வாங்குவது இதற்கு ஈடாகாது. 200 மெகாபிட் பிளானும் வகை 4 என்றால் சனிக்கிழமை இரவு எல்லோருடனும் சேர்ந்து நெரிபடும்.

#19 ஒலிமேடை

இப்படி ஒன்று இருப்பதே தெரியாது அண்ணா. ரொம்ப நன்றி. 4ஜி டாங்கிள் ஒன்றை பேக்கப்பாக வைக்கலாமா? போன வருஷம் கோடை விழா சமயத்தில் ஏரிப் பக்கம் ஒரு லைவ் எடுத்தோம். போன் பேசினால் தெளிவாகக் கேட்கிறது, லைவ் மட்டும் நின்று நின்று போனது. அதே டவர், அதே சிம்.

#20 ஸ்விட்ச் வாத்தியார்

காரணம் இந்த இழையின் தலைப்பேதான். வோல்ட்இ (4ஜி வழிப் பேச்சு) அழைப்பு வந்ததும் நெட்வொர்க் அதற்கென்று தனி பேரரை, அதாவது தடத்தை, திறக்கிறது. கியூசிஐ (சேவைத் தர எண்) 1, உறுதி செய்யப்பட்ட வேகம், தாமத வரம்பு 100 மில்லிசெகண்ட். உங்கள் பேச்சுக்கு ரேடியோவிலேயே இடம் ஒதுக்கப்பட்டுவிட்டது. லைவ் போவது சாதாரண டேட்டா பேரரில், பெரும்பாலும் கியூசிஐ 9, எந்த உறுதியும் இல்லை. கூட்டம் கூடினால் முதலில் வாடுவது அதுதான். டாங்கிளைப் பேக்கப்பாக வையுங்கள், ஆனால் பிட்ரேட்டைப் பாதியாக இறக்கி ஒரு ப்ரொஃபைல் தயாராக இருக்கட்டும்.

என்கோடரில் லைவ் அனுப்பும் முறையாக ஆர்டிஎம்பிக்குப் பதில் எஸ்ஆர்டி போகுமா பாருங்கள். தொலைந்த பாக்கெட்டைத் திரும்பக் கேட்டு வாங்கும். ஆனால் டிஃபால்ட் 120 மில்லிசெகண்ட் உங்களுக்குப் போதாது, நிஜமான போய்வரும் நேரத்தைப் போல நான்கு மடங்காவது வையுங்கள். திரும்ப அனுப்பும் சுமைக்காகக் கால்வாசி கூடுதல் இடம் விடுங்கள். 6 மெகாபிட் லைவ் என்றால் 7.5.

ரிசார்ட் ரவுட்டருக்கு முன்னால் சின்ன ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர் மென்பொருள்) பெட்டி ஒன்றை வைத்து, அதில் கேக் (வரிசையைச் சீராக்கும் வசதி) போட்டு, ஏறும் வேகத்தை அளந்து வந்ததில் 90 சதவீதத்துக்குக் கட்டிவிடுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் பெட்டியில் நிற்கும். மோடத்தில் நின்றால் நாம் ஒன்றும் செய்ய முடியாது. விருந்தினர் யாராவது கல்யாண ஆல்பத்தை கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் வித்தியாசம் தெரியும்.

#21 ஒலிமேடை

நிகழ்ச்சி முடிந்து மலையிறங்கிவிட்டோம். என்ன நடந்தது என்று எழுதாமல் போனால் மரியாதையில்லை.

ரிசார்ட் ஐடி ஆள் முதலில் ஸ்விட்ச் பாஸ்வேர்டைத் தர யோசித்தார். #15இல் சொன்ன கணக்குத் தாளைக் காட்டியதும் பக்கத்தில் உட்கார்ந்து அவரே மாற்றிக் கொடுத்தார். சிசிடிவி எவ்வளவு இழுக்கிறது என்று அவருக்கும் அன்றுதான் தெரிந்தது. 56, 46 வரிசை மாற்றினோம், எங்கள் போர்ட் தவிர மற்றவற்றில் எண்ணைப் பூஜ்யமாக்கினோம், கிரீன் ஈதர்நெட்டை அணைத்தோம். இரண்டு கேமரா ஹெச்எக்ஸ்.

ஒத்திகையில் வேண்டுமென்றே நான்கு கேமராவையும் முழு என்டிஐயில் ஓடவிட்டு ஹிஸ்டோகிராம் பார்த்தேன். மாற்றுவதற்கு முன் கம்பிகள் வலதுபக்கம் சிவப்பு வரை நீண்டன. மாற்றிய பிறகு எல்லாம் 0.2க்குப் பக்கத்திலேயே கட்டிப்போட்ட மாதிரி நின்றன. இரண்டு நாளும் ஒரு டிக்கும் இல்லை.

ஃபைபர்காரர் 20 மெகாபிட் அஷூர்டு போட்டுக் கொடுத்தார். முதல் நாள் சாயங்காலம் லைவ் ஒரு முறை நின்றது, அதற்கு நெட்வொர்க் காரணமில்லை. கரண்ட் போனபோது அரங்கம் ஜெனரேட்டரில் ஓடியது, ஓஎன்யு இருந்த ரிசப்ஷன் அறை ஓடவில்லை. டாங்கிள் பிடித்துக்கொண்டது. இரண்டாம் நாள் ஒரு யுபிஎஸ்ஸைக் கொண்டுபோய் அங்கே வைத்தோம்.

இப்போது ஒரு கேள்வி. அடுத்து மிலன் ஸ்பீக்கர் செட் ஒன்று வாங்கும் யோசனை. அதையும் டான்டேயையும் ஒரே ஸ்விட்சில் ஓட்டலாமா, அல்லது ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடுமா?

#22 கிரெடிட் கணக்கு

ஓட்டலாம், ஸ்விட்ச் மிலன் சான்று பெற்றதாக இருந்தால். ஏவிபி ஸ்ட்ரீமுக்கு விலான் முன்னுரிமை 3ம் 2ம் தனி வரிசை, டான்டே டிஎஸ்சிபியைப் பார்த்து வேறு வரிசையில் போகும். ஒன்று மட்டும்: பல ஸ்விட்சுகளில் ஏவிபி வரிசைதான் மேலே இருக்கும், டான்டே அதற்குக் கீழே. ஏவிபி ஒதுக்கியதற்கு மேல் எடுக்காது என்பதால் கிகாபிட்டில் டான்டேக்கு மீதி தாராளம். லேட்டன்சியை மட்டும் 1இலிருந்து 2 மில்லிசெகண்டுக்கு ஏற்றி ஒத்திகை பாருங்கள், ஹிஸ்டோகிராம் சுத்தமாக இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். டான்டேயில் மல்டிகாஸ்ட் ஃப்ளோ (ஒரே ஒலியைப் பல கருவிகளுக்கு அனுப்பும் ஓட்டம்) போட்டிருந்தால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி) ஆன் செய்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

#23 பழைய மைக்செட்

பழைய ஸ்பீக்கரை விற்பதாக இருந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்க தம்பி.